பவளம் காரில் இருந்தாளாம்

2022 ஒக்டோபர் 8, சனி

கொழும்பில் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து நீச்சல் குளத்தில் குளித்த வருடம் இது. இங்கே லண்டனில் வெயில் நாற்பது பாகை அடித்துப் புல்லெல்லாம் கருகிப்போன வருடம். அந்த வெயில் அடங்கிய பிறகு ராணி இறந்தார். ராணி இறந்து மூன்றாம் நாள் என் மனைவி பவளக்கொடி இறந்தாள். ராணியின் பெட்டியைப் பார்க்க ஆற்றங்கரை நெடுகச் சனம் வரிசையில் நின்றதைத் தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். பவளத்தின் பெட்டிக்குச் சுடலையில் நாள் கிடைக்கவில்லை. ராணியின் காரியம் முடியட்டும் என்றார்கள். அதுவரை அவள் குளிர் அறையில் கிடந்தாள்.

எனக்கு எழுத்துத் தெரியாது. சுன்னாகம் சந்தையில் வெங்காய மூட்டை சுமந்தவன் நான். எந்த மூட்டை எந்த லொறியில் யாருக்குப் போனது என்று தலையில்தான் வைத்திருந்தேன். இன்றும் கேட்டால் சொல்வேன். இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் பக்கத்து வீட்டுத் தில்லையம்பலம் மாஸ்டர். ஊரில் தபாலதிபராக இருந்தவர். "வீட்டுக்குள்ள வாயைத் திறக்க மாட்டியள் அண்ணை. இஞ்சை வந்தாவது திறவுங்கோ" என்று அவரே கொப்பியையும் வாங்கிவந்தார். என் தூசணங்களை மட்டும் விட்டுவிடுவார். மற்றதெல்லாம் நான் சொன்னபடி.

இன்று ஒரு கடிதம் வந்தது. என் மருமகன் ஜெயரூபனின் பெயருக்கு. நாங்கள் சாமான் வாங்குகிற வரதன் கடைக் கார் பார்க்கில் செப்ரெம்பர் இருபத்தொன்பதாம் திகதி இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் காரை விட்டதற்கு நூறு பவுண் கட்டச் சொல்லி. அரசாங்கம் அனுப்பிய கடிதம் அல்ல. கார் பார்க்கைக் குத்தகைக்கு எடுத்த தனியார் கொம்பனி. வாசலில் கமரா வைத்து, வருகிற போகிற காரையெல்லாம் படம் பிடிக்கிறார்கள்.

"கள்ளர்! பகல் கள்ளர்!" என்று மருமகன் கத்தினார்.

அன்று நடந்தது இது. பவளத்தின் எட்டுச் செலவுக்குச் சாமான் வாங்கப் போனோம். செத்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்து எட்டாம் நாள் படைக்கிறது எங்கள் வழக்கம். எரிக்கப் பிந்தியதால் எட்டும் பிந்தியது, எரித்த நாளிலிருந்து எண்ணினோம். பவளத்துக்கு ஒட்டி மீன் என்றால் உயிர். கொழும்பிலிருந்து விமானத்தில் வரும் மீன்பெட்டி அன்று பிந்திவிட்டது. மகள் சுகிர்தா பாரை மீன் வாங்கிப் போவோம் என்றாள். ஒட்டி வராமல் நான் காரில் ஏறமாட்டேன் என்றேன். ஏறவில்லை. அதனால்தான் நேரம் போனது.

ஆனால் எனக்கு அருவருப்பாக இருந்தது வேறு. மருமகன் காரைக் கொண்டுபோய் நடக்க முடியாதவர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் விட்டார். பவளத்தின் நீல அட்டையை எடுத்து முன் கண்ணாடிக்குள் வைத்தார். அவள் நடக்க மாட்டாதவள் என்று கவுன்சில் கொடுத்த அட்டை, அவளுடைய படத்தோடு. அவளை எரித்து ஒரு கிழமை. அட்டை மட்டும் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"மாமா, இறங்கேக்க கொஞ்சம் நொண்டி இறங்குங்கோ. ஆராவது பாப்பாங்கள்" என்றார்.

என் முழங்கால் அன்று உண்மையாகவே நொந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நேராக இறங்கி நேராக நடந்தேன்.


ஒக்டோபர் 9, ஞாயிறு

உப்பு வாங்க வரதன் கடைக்குப் போய் வந்தேன்.


ஒக்டோபர் 11, செவ்வாய்

முப்பத்தோராம் நாள். ஒரு மண்டபம் எடுத்து அந்தியேட்டி செய்தார்கள். ஐயர் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போனார். அவருடைய காருக்கும் எங்கோ மணித்தியாலக் கணக்கு.

சாப்பாட்டுப் பந்தியில் யாராவது பவளத்தைப் பற்றி ஒரு சொல் சொல்வார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். எல்லா மேசையிலும் கார் பார்க் கதைதான். மருமகன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே கொண்டுவந்திருந்தார். கல்யாண ஓலை மாதிரி ஒவ்வொருவருக்கும் நீட்டினார்.

"ஆர் ஓட்டினது எண்டு சொல்லிப் போடாதையுங்கோ" என்றார் ஒருவர், வாயில் பாயசத்தோடு.

"பிள்ளை கார்ல சத்தி எடுத்தது எண்டு எழுதுங்கோ. நான் அப்பிடித்தான் தப்பினனான்."

"உங்களுக்குப் பிள்ளையே இல்லையே அண்ணை."

"அது கொம்பனிக்குத் தெரியாதுதானே."

சிரித்தார்கள். பிறகு ஜெயரூபனின் ஒன்றுவிட்ட தமையன் ஒருவர், கோட் போட்டவர், கை கழுவிக்கொண்டே சொன்னார்: "கார் பார்க்கில இருக்கிற போர்டை வாசிச்சனியோ? நீல அட்டை இருந்தால் மூண்டு மணித்தியாலம். அட்டைக்காரர் கார்ல இருக்கவேணும், அவ்வளவுதான்."

மருமகனின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. என் பக்கத்தில் பவளத்தின் படம், மாலையோடு, சாம்பிராணிப் புகைக்குள். அதைத் தாண்டித்தான் அந்த வெளிச்சம் வந்தது.


ஒக்டோபர் 13

மருமகன் கணினியில் நெடுநேரம் தட்டிக்கொண்டிருந்தார். கொம்பனிக்கு மேன்முறையீடாம்.

"என்ன எழுதினியள்?"

"பொதுவா எழுதினன் மாமா. ஞாயத்தைச் சொன்னன்."

சுகிர்தா பீற்றூட் வெட்டிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் சின்ன வயதிலும் அப்படித்தான். அலுமாரிக் கண்ணாடியை உடைத்த அன்று நாள் முழுக்க என் காலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.


ஒக்டோபர் 14

உப்பு.


ஒக்டோபர் 20, வியாழன்

கறிவேப்பிலைக்குப் போனேன். உப்பும் ஒரு பை எடுத்தேன்.

வரதன் கல்லாவிலிருந்து கேட்டான்: "என்னப்பு, உங்கட வீட்டில உப்பிலயோ குளிக்கிறியள்? போன கிழமையும் கொண்டு போனனீங்கள்."

"உனக்கு வியாபாரம் வேண்டாமே?"

"வேணும் வேணும். அப்பு, கேள்விப்பட்டியளே? புதுப் பிரதமரும் போட்டா. நான் அவவின்ர பேரைப் பாடமாக்க முதல் போட்டா."

வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்றேன். வரதன் கடைக் கண்ணாடியில் ஊர்ச் சனத்தின் மரண அறிவித்தல்கள் ஒட்டியிருக்கும். பவளத்தின் அறிவித்தலும் அதில்தான். அதைப் பார்க்க நான் போவதில்லை. முழங்காலுக்கு ஓய்வு கொடுக்க எங்காவது நிற்கத்தானே வேண்டும். இன்று யாரோ ஒரு பெட்டையின் நடன அரங்கேற்றக் கடதாசியைப் பவளத்தின் தோளை மறைத்து ஒட்டியிருந்தார்கள். ஆடப்போகிற பெட்டைக்கு வேறு இடமா இல்லை? நகத்தால் கிளப்பி, பக்கத்தில் இருந்த அரிசி விளம்பரத்தின் மேல் நகர்த்தி ஒட்டினேன். இதை எழுத வேண்டாம் என்று மாஸ்டரிடம் சொன்னேன். எழுதிவிட்டார்.


ஒக்டோபர் 27, வியாழன்

கொம்பனியிடமிருந்து பதில். தடித்த உறை.

மருமகன் மேசையில் பரப்பினார். மூன்று படங்கள். ஒன்றில் கார் உள்ளே வருகிறது. இன்னொன்றில் வெளியே போகிறது. மூன்றாவது, காவல்காரன் நடந்து வந்து கிட்ட நின்று எடுத்தது. படத்தின் மூலையில் நேரம், காரின் இலக்கம். மருமகனும் மகளும் அவற்றையே விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார்கள். எனக்கு அங்கே வாசிக்க ஒன்றுமில்லை. நான் படத்தைப் படமாகப் பார்த்தேன்.

"உதில அவள் நிக்கிறாள்" என்றேன்.

"ஆர் மாமா?"

"பவளம்."

மருமகன் மகளைப் பார்த்தார். கிழவனுக்குத் தட்டிவிட்டது என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். நான் விரலை வைத்துக் காட்டினேன். காருக்குப் பின்னால் வரதன் கடைக் கண்ணாடி. கண்ணாடியில் அவளுடைய அறிவித்தல். சின்னதாகத்தான், ஆனால் தெளிவாக. வாயை இறுக்கிக்கொண்டு பார்க்கிறாள். அந்தப் படம் எடுத்த அன்று அவளுக்குப் பல்லுக்குத்து.

சுகிர்தா படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். கதிரையில் இருந்துவிட்டாள்.

"அட கடவுளே" என்றார் மருமகன்.

"ஏன்? அவள் நிண்டால் உங்களுக்கென்ன பயம்?"

அடுப்பில் சோறு பொங்கி மூடியைத் தள்ளியது. சுகிர்தாதான் எழும்பிப் போய் நெருப்பைக் குறைத்துவிட்டு, அங்கேயே எனக்கு முதுகு காட்டியபடி சொன்னாள்.

"அம்மா கார்ல இருந்தவ எண்டு எழுதிப் போட்டம், அப்பா."

"எந்த அம்மா?"

அவள் திரும்பவில்லை.

"எந்த அம்மா எண்டு கேக்கிறன்."

மருமகன் இடையில் வந்தார். "மாமா, இது வெறும் பேப்பர் வேலை. அட்டைக்காரர் கார்ல இருந்தால் மூண்டு மணித்தியாலம். அதுதான் சட்டம். மாமி இருந்திருந்தால் வந்திருப்பாதானே? வந்திருப்பா எண்டதை வந்தவ எண்டு எழுதினன். அட்டையின்ர பிரதியும் அனுப்பினன்."

நாற்பது வருடம் நான் பார்த்த சந்தைத் தரகர்கள் அழுகல் வெங்காயத்தை மூட்டையின் அடியில் போடுவார்கள். மேலே நல்லதாக நாலு. ஆனால் ஒருவனும் தன் வீட்டுச் சவத்தை அடியில் போட்டு மூட்டை கட்டி நான் காணவில்லை.

இதில் இன்னொரு வில்லங்கம். அறிவித்தலில் இருக்கிற படமும் அட்டையில் இருக்கிற படமும் ஒன்றுதான். அவள் செத்த அவசரத்தில் வேறு படம் தேட நேரமில்லாமல், அட்டைக்கு எடுத்த படத்தையே அறிவித்தலுக்கும் கொடுத்தார்கள். கொம்பனிக்காரன் அட்டைப் பிரதியையும் தன்னுடைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முடிந்தது.

"வெள்ளைக்காரனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது" என்றார் மருமகன்.

"திகதி வாசிக்கத் தெரியும்" என்றாள் சுகிர்தா. "பிறந்த திகதி, இறந்த திகதி ரெண்டும் பெரிசாப் போட்டிருக்கு."

கொம்பனிக்காரர் முதல் முறையீட்டை நிராகரித்துவிட்டார்களாம். இனி மேலே ஒரு நடுவரிடம் போகலாம். ஆனால் அட்டைக்காரரோ, அவரோடு காரில் இருந்த ஒருவரோ கையொப்பம் வைத்து நடந்ததைச் சொல்ல வேண்டும்.

"விட்டுட்டுக் காசைக் கட்டுங்கோ. நான் தாறன்" என்றேன்.

"காசில்லை மாமா. இப்ப விட்டால் பொய் எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி. செத்தவவின்ர அட்டையைப் பாவிச்சது கவுன்சிலுக்குப் போனால் கேஸ். கோயில்ல பொருளாளரா இருக்கிறவன் நான். இனிப் பின்னுக்குப் போக ஏலாது. முன்னுக்குத்தான்."

முன்னுக்குப் போக வழி என் பெருவிரல். அதைத்தான் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.


ஒக்டோபர் 28

மழை. கடைக்குப் போகவில்லை.


ஒக்டோபர் 29, சனி

போனேன். கண்ணாடியில் அவள் இல்லை.

நாலு மூலை ஒட்டு நாடா மட்டும் இருந்தது. அவள் இருந்த இடம் மற்ற இடத்தை விடச் சுத்தமாக, சதுரமாக, உள்ளே மிளகாய்த்தூள் பைகள் தெரிந்தன. அரங்கேற்றப் பெட்டை அப்படியே இருந்தாள்.

வரதனைக் கேட்டேன். அவன் தராசைத் துடைக்கத் தொடங்கினான்.

"உங்கட மருமகன்தான் நேற்று வந்து கழட்டச் சொன்னவர் அப்பு. முப்பத்தொண்டும் முடிஞ்சுது, பாக்கிற சனத்துக்குக் கவலை எண்டார். எனக்கும் அது சரியாப் பட்டுது."

"கடதாசி எங்கை?"

"குப்பைக்காரன் காலமையே எடுத்திட்டானே."

நான் நின்றுகொண்டே இருந்தேன். பின்னால் வரிசையில் ஒருத்தி முருங்கைக்காய்க் கட்டோடு பெருமூச்சு விட்டாள்.

"உப்புத் தரட்டே அப்பு?" என்றான் வரதன். மெதுவாகத்தான் கேட்டான். அவன் நல்லவன்.

"வேண்டாம். வீட்டில நிறையக் கிடக்கு."

வீட்டுக்கு வந்து மருமகனிடம் கேட்டேன். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "அது வெறும் கடதாசி மாமா. நடுவர் ஆரையாவது அனுப்பிப் பாத்தாலும் எண்டுதான். வீட்டில பெரிய படம் இருக்குத்தானே, மாலையோட."

வீட்டுப் படத்தில் அவளுக்கு மாலை போட்டிருக்கிறது. கண்ணாடியில் மாலை இல்லாமல் நின்றாள். இந்த வித்தியாசம் விளங்காதவனிடம் என்ன கதை? எழுந்து வந்துவிட்டேன். அவர் தொட்ட ரிமோட்டைத் தொடவும் மனம் கூசுகிறது.


ஒக்டோபர் 30

குளிர்காலத்துக்கென்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்தார்கள். இந்த நாட்டில் வருடத்துக்கு ஒரு முறை எல்லாரும் சேர்ந்து சொல்கிற பொய்.


நவம்பர் 2

மருமகனின் கார் திறந்து கிடந்தது. முன் தட்டிலிருந்த நீல அட்டையை எடுத்து என் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பின்னேரம் அவர் காரைக் கவிழ்க்காத குறையாகத் தேடினார். சீற்றுக்கு அடியில் கையை விட்டுப் பழைய உருளைக்கிழங்குப் பொரியலை எடுத்தார்.

"மாமா, மாமியின்ர அட்டையைக் கண்டனீங்களோ?"

"மாமியிட்டக் கேளுங்கோ. அவ கார்லதானே இருக்கிறா."


நவம்பர் 5, சனி

வெளியே காலையிலிருந்தே வெடி. இந்த நாட்டுக்காரர் ஏதோ ஒரு பழைய சதிகாரனை எரிக்கிற நாளாம்.

மருமகன் நான் சொல்ல வேண்டியதை எழுதி அச்சடித்துக்கொண்டு வந்தார். ஆங்கிலத்தில். மைப்பெட்டியும் வாங்கி வந்திருந்தார், என் பெருவிரலுக்கு. சுகிர்தாவைப் பக்கத்தில் இருத்தித் தமிழில் சொல்லச் சொன்னார்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள்.

"நான் கதிரித்தம்பி. அன்று நானும் என் மனைவி பவளக்கொடியும் காரின் பின் சீற்றில் இருந்தோம். அவர் என் கையைப் பிடித்தபடி மெதுவாக இறங்கினார். கடைக்குள் ஒவ்வொரு தட்டாகப் பார்த்தபடி நடந்தார். தனக்குப் பிடித்த ஒட்டி மீன் வரும்வரை காத்திருக்க விரும்பினார். இடையில் களைத்துப்போய் ஒரு பெட்டியின் மேல் அமர்ந்தார். நான் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். மீன் வந்ததும் அவர் சந்தோசப்பட்டார்."

"இன்னொருக்கா வாசி" என்றேன்.

ஏதாவது பிழை இருக்கிறதா என்று பார்க்கத்தான். அவள் இன்னொரு முறை வாசித்தாள்.

"அந்தத் தேத்தண்ணிக்குப் பிறகு வாறதை மட்டும் வாசி."

"மீன் வந்ததும் அவர் சந்தோசப்பட்டார்."

"ம்."

மருமகன் மைப்பெட்டியின் மூடியைத் திறந்து எனக்குக் கிட்டத் தள்ளினார். நல்ல கறுப்பு மை. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே எங்கோ ஒரு வாணம் ஏறி வெடித்தது.

"பிழை ஒண்டு இருக்கு" என்றேன்.

"என்ன மாமா? சொல்லுங்கோ, இப்பவே திருத்தலாம்."

"அவள் என்ர கையைப் பிடிச்சு நடக்கிறவளில்லை. நான் முன்னால போவன், அவள் ஏசிக்கொண்டு பின்னால வருவாள்."

"சரி, கையை எடுத்துவிடுவம்."

"தேத்தண்ணியையும் எடுங்கோ. கிட்னி பழுதான மனுசிக்கு டொக்டர் தண்ணியை அளந்து குடுத்தவர். வெக்கைக்கு நாக்கு வறண்டு ஐஸ் துண்டைச் சூப்பிக்கொண்டு கிடந்தவள் அவள். கடைத் தேத்தண்ணியை நான் வாங்கிக் குடுத்தனானோ? நீங்கள் எழுதின ஆள் ஆரெண்டு எனக்குத் தெரியாது."

"மாமா, அது ஒரு கதைக்கு..."

"மீனையும் எடுங்கோ. மீனும் வேண்டாமெண்டு டொக்டர் சொல்லி நாலு வரியம். நாலு வரியமா அவள் ஒட்டியைக் கண்ணால காணேல்லை. அதுதான் எட்டுக்கு ஒட்டி வேணுமெண்டு நான் நிண்டது. உசிரோட இருந்தவளுக்கு வாங்கேலாத மீன் அது. செத்த பிறகுதான் வாங்கலாமாயிருந்தது."

சுகிர்தா அந்தத் தாளை மடியில் வைத்து இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள். பிறகு அழத் தொடங்கினாள். மருமகன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மைப்பெட்டியை மூடினார்.

"எல்லாரும் சேந்து என்னைக் கோயில்ல தலைகுனிய வையுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனார்.

மாஸ்டர் இதை எழுதும்போது கேட்கிறார்: "ஏன் அண்ணை திருப்பித் திருப்பி வாசிக்கச் சொன்னனீங்கள்?" சொன்னேனே, பிழை பார்க்கத்தான் என்று.


நவம்பர் 7, திங்கள்

இரண்டு நாளாக வீட்டில் ஒருவரோடு ஒருவர் பேச்சில்லை. அவரவர் கோப்பையை அவரவர் கழுவுகிறோம்.

இன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் மருமகன் மறுபடி தொடங்கினார். நாளையோடு தவணை முடிகிறதாம். மாமா கையொப்பம் வைக்காவிட்டால் சுகிர்தா வைக்கட்டும், அவளும் காரில் இருந்தவள்தானே, மகள் சொன்னால் இன்னும் நல்லது என்றார்.

சுகிர்தா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். குரல் உயரவில்லை.

"வாற வரியம் அம்மாவின்ர திவசத்தை எந்தத் திதியில செய்யிறது?"

"இதென்ன கேள்வி? ஐயர் குறிச்சுத் தந்தவர்தானே, பதினோராந் திகதித் திதி."

"பதினோராந் திகதி செத்தவ இருபத்தொன்பதாந் திகதி மீன் வாங்கினவவோ?"

"அது அவங்களுக்கு..."

"எனக்குச் சொல்லுங்கோ. நான் கையொப்பம் வைக்கிறன். வச்சிட்டு வந்து இஞ்சை நிண்டு கேக்கிறன். எந்தத் திதி? எள்ளும் தண்ணியும் இறைக்கேக்க ஐயருக்கு எதைச் சொல்லுறது? அவ பேப்பரில உயிரோட இருக்கிறா, கொஞ்சம் பொறுங்கோ எண்டோ?"

மருமகன் கையை உதறிவிட்டு எழும்பப் பார்த்தார். எழும்பவில்லை. அவருடைய தாய்க்கும் வருடா வருடம் திவசம் செய்கிறவர் அவர். தர்ப்பை போட்ட விரல் அது. அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். குழம்பு அதில் காய்ந்துபோனது.

நான் இன்று இரண்டாம் முறை சோறு கேட்டேன். பவளம் செத்த பிறகு முதல் தடவை.


நவம்பர் 8, செவ்வாய்

காலையிலேயே சுகிர்தா கணினியைத் திறந்தாள். நடுவருக்கு உண்மையைத்தான் எழுதப்போவதாகச் சொன்னாள். அம்மா இறந்துவிட்டா. அவவின் எட்டாம் நாள் படையலுக்கு மீன் வரும்வரை கடையில் நின்றோம். அதே கடையில்தான் சாமான் வாங்கினோம். முதலில் எழுதியது பிழை. அட்டையைத் திருப்பி அனுப்புகிறோம். அவ்வளவுதான். மன்னிப்பதும் மன்னிக்காததும் அவர்கள் பாடு.

நான் சட்டைப் பையிலிருந்து நீல அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். கொஞ்ச நாள் நெஞ்சோடு இருந்ததில் ஓரம் வளைந்திருந்தது. கவுன்சிலுக்கு அனுப்ப அவள் ஒரு உறை எடுத்து வைத்தாள். உள்ளே போடு முன் படத்தை ஒரு முறை பார்த்தாள். பல்லுக்குத்தோடு அவளும் எங்களைப் பார்த்தாள்.

மருமகன் வேலைக்குப் போகவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றார். ஷேவ் எடுக்கவில்லை.

"இதை அனுப்பினால் என்ன நடக்குமெண்டு தெரியுந்தானே?" என்றார். சத்தம் இல்லாமல்தான் கேட்டார்.

"நான் உங்களை ஆரிட்டையும் காட்டிக் குடுக்கேல்லை மருமகன்" என்றேன். "கார்ல ஆர் இருந்ததெண்டு கேட்டால் இருந்தவையைச் சொல்லுவன். இல்லாதவளைச் சொல்ல மாட்டன். என்ர வேலை அவ்வளவுதான்."

அவர் கதவு நிலையை விட்டுப் போகவில்லை.

சுகிர்தா தட்டிக்கொண்டே போனாள். அம்மா இறந்த திகதி கேட்கிற இடத்தில் கொஞ்சம் நின்றாள், பிறகு அதையும் தட்டினாள். கடைசியில் ஒரு இடம் வந்தது.

"கார்ல இருந்த ஆக்களின்ர பேரைக் கேக்குது" என்றாள். "முதல், ஓட்டினவர்."

நான் வாயைத் திறக்கவில்லை. என் மகள் தன் புருசனைத் திரும்பிப் பார்க்கவில்லை. விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"என்ர பேரைப் போடு" என்றார் மருமகன். "முழுப்பேரா. கந்தையா ஜெயரூபன்."

அவள் போட்டாள். முன் சீற்றில் தன் பெயரைப் போட்டாள்.

"பின்னால?"

"இடப்பக்கம் அவள் இருக்கிற இடம். வெறும் இடம் எண்டு போடு" என்றேன்.

"அப்பிடிப் போடேலாது அப்பா. உயிரோட இருந்த ஆக்களின்ர பேர்தான் கேக்குது."

"அப்ப கடைசிப் பேரைப் போடு" என்றேன். "கதிரித்தம்பி."